கோழிகளையும் ஆட்டுக்குட்டிகளையும் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு மடக்குக் கூண்டு

கிராமங்களில் கோழி வளர்ப்பும் ஆடு வளர்ப்பும் பயிர்த்தொழிலுக்குத் துணையான தொழில்கள். மழை தவறிய வருஷத்திலும் கைக்குப் பணம் கொடுப்பவை இவையே. ஆயினும், தீனி போட்டு, நோய் பார்த்து, ஆறேழு மாதம் பாடுபட்டு வளர்த்த கோழியைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் குடியானவர் காட்டும் அசிரத்தையால், வளர்த்த பாட்டின் பலனில் ஒரு பகுதி வழியிலேயே அழிந்துபோகின்றது. இந்த நஷ்டத்தைத் தடுக்கக்கூடியதும், கிராமத்துத் தச்சரும் கருமானும் சேர்ந்து செய்யக்கூடியதுமான ஒரு மடக்குக் கூண்டின் அமைப்பு இங்கு விவரிக்கப்படுகின்றது.

இப்போதுள்ள வழக்கமும் அதன் தீமைகளும்

திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் சந்தைக்கு ஆடுகளும் கோழிகளும் ஏராளமாக வருகின்றன. இத்தகைய சந்தைகளுக்கு விடியற்காலையில் செல்லும் பாதைகளில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாமல் புலப்படும். கோழிகளைக் காலில் கட்டி, நாலைந்தாகச் சேர்த்து, வண்டியின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செல்வார்கள். சிலர் சாக்கில் போட்டு வாயைக் கட்டுவார்கள். ஆட்டுக்குட்டியை நான்கு கால்களையும் கட்டி மடியில் கிடத்திக்கொள்வாரும் உண்டு. மூங்கில் கூடையில் கொண்டுபோவோரும், கூடை கொள்ளும் அளவுக்கன்றிக் கை அமுக்கும் அளவுக்குக் கோழிகளை அடைக்கின்றனர்.

இதனால் விளையும் தீமைகள் மூன்று. முதலாவது, கால் முறிதலும், இறக்கை நழுவுதலும், மார்பிலும் தொடையிலும் இரத்தம் கட்டுதலும் உண்டாகின்றன. வாங்குபவர் இறகை விலக்கிப் பார்த்து, நீலம் பாய்ந்த இடத்தைக் காட்டி விலையைக் குறைத்துவிடுகின்றார். இரண்டாவது, உஷ்ணத்தினால் ஏற்படும் சாவு. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. அதன் உடல் வெப்பம் 41 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டது. உடலில் மிகும் சூட்டை வாயைத் திறந்து இளைப்பதன் மூலமாகவும், இறக்கையைச் சற்று விரித்துக் காற்றுப்படச் செய்வதன் மூலமாகவுமே அது வெளிப்படுத்த வேண்டும். நெருக்கி அடைத்த சாக்கிலும் கூடையிலும் இவ்விரண்டுக்கும் வழியில்லை. நடுவில் அகப்பட்ட கோழி முதலில் சாவதற்குக் காரணம் இதுவே. மூன்றாவது, சட்டத்திற்கு விரோதமான செய்கை. 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவில், பிராணிக்கு அநாவசியமான துன்பம் உண்டாகும் வண்ணம் அதைக் கொண்டுசெல்வதையும், அசைவதற்கு இடமில்லாத கூண்டில் அடைப்பதையும் குற்றமாக வகுத்துள்ளது. பிராணிகளைக் கொண்டுசெல்வதற்கான விதிகள் 1978-ல் ஏற்பட்டன. 2001-ல் செய்த திருத்தத்தின்படி கோழிகளைப் பற்றிய விதிகளும் அவற்றில் சேர்ந்தன. இவற்றின் விவரங்களை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு அறிந்துகொள்வது கிராம அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் நலம்.

மடக்குக் கூண்டு யாருக்கு வேண்டும்?

கூண்டு என்றால் அது மடங்கியே தீரவேண்டும் என்பதில்லை. சொந்த வண்டியில் கோழிகளை ஏற்றிச் சென்று, விற்றபின் வெறும் வண்டியுடன் திரும்புபவருக்கு மடங்காத கூண்டே போதும். அது செலவு குறைந்தது; கீல் இல்லாததால் உறுதியும் மிகுந்தது. ஆனால், பலர் சேர்ந்து ஒரு வாடகை வண்டியில் போகும்போதும், திரும்பும் வண்டியில் தவிடு, பிண்ணாக்கு, உரமூட்டை ஏற்ற வேண்டியிருக்கும்போதும், வெற்றுக் கூண்டு அடைத்துக்கொள்ளும் இடத்திற்கும் வாடகை கொடுக்க நேர்கின்றது. இந்த வாடகைக்கு அஞ்சியே பலர் கூண்டை விட்டுச் சாக்கை எடுக்கின்றனர். வீட்டிலும் வாரத்தில் ஆறு நாள் அது மூலையை அடைத்துக்கொண்டு கிடக்கும். இத்தகையோருக்கே மடக்குக் கூண்டு பயன்படும்.

மடக்குவதில் உள்ள முக்கியமான விஷயம்

ஒரு பெட்டியின் நான்கு சுவர்களையும் தளத்தின் மேல் உட்புறமாக மடக்க வேண்டுமானால் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். எதிர் எதிரான இரண்டு சுவர்களின் உயரங்களைக் கூட்டி வருவது, அவற்றுக்கு இடையே உள்ள தளத்தின் அளவுக்கு உட்பட்டிருந்தால், இரண்டும் ஒரே அடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அப்படி ஏறும்போது கீல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால், மேலே வரும் சுவர் சாய்ந்து நின்று கீலைப் பிடுங்கிவிடும். தச்சர்கள் செய்யும் மடக்குப் பெட்டிகள் சில மாதங்களில் கீல் கழன்று வீணாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இங்கு கூறும் கூண்டு 36 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் உடையது. கோழி நிமிர்ந்து நிற்பதற்கு 15 அங்குல உயரம் வேண்டும். குறும்பக்கச் சுவர்கள் இரண்டின் உயரம் 15-ம் 15-ம் சேர்ந்து 30 அங்குலம். இது 36 அங்குல நீளத்திற்குள் அடங்கும். ஆகவே அவை ஒரே அடுக்காகப் படுக்கும். நெடும்பக்கச் சுவர்களோ 24 அங்குல அகலத்தில் 30 அங்குலத்தை மடக்க முடியாதாகையால் ஒன்றன்மேல் ஒன்றாகவே வரவேண்டும். இதற்காக அவ்விரண்டின் கீல்களையும் வெவ்வேறு உயரமுள்ள விளிம்புக்கட்டைகளின் மேல் பொருத்த வேண்டும். கூண்டின் அமைப்பில் நுட்பமான பகுதி இது ஒன்றே. மற்றவை சாதாரணத் தச்சுவேலை.

உறுப்புகளும் அளவுகளும்

1. தளம்: 36 அங்குலம் நீளம், 24 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனம். இடைவெளி இன்றிப் பலகை அடிக்க வேண்டும். இடைவெளி விட்டால், அடுக்கி வைக்கும்போது மேற்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டுக் கோழிகளின் மேல் விழும். கால் நகமும் இடுக்கில் மாட்டும். தளத்தின் அடியில் 1 அங்குல உயரமுள்ள இரண்டு அடிக்கட்டைகள் வைத்தால், அடுக்கிய கூண்டுகளுக்கு இடையே காற்றுப் புகும்.

2. விளிம்புக்கட்டைகள்: தளத்தின் நெடும் விளிம்புகளில் ஒன்றன்மேல் 1¾ அங்குல உயரமும், மற்றதன்மேல் 3 அங்குல உயரமும் உடைய கட்டைகள். இரண்டும் 1 அங்குலக் கனம் உடையவை. தளத்தின் அடியிலிருந்து திருகாணி போட்டு இவற்றை இறுக்க வேண்டும். வெறும் ஆணி தாங்காது.

3. குறும்பக்கச் சுவர்கள் இரண்டு: உயரம் 15 அங்குலம்; அகலம், விளிம்புக்கட்டைகளுக்கு இடையே தளர்ச்சியாக அடங்குமாறு 21¾ அங்குலம். இவற்றின் கீல்களைத் தளத்தின் மேலேயே, உட்புறம் மடங்கும்படி பொருத்த வேண்டும்.

4. முதல் நெடும்பக்கச் சுவர்: நீளம் 36 அங்குலம், உயரம் 13¼ அங்குலம். இது 1¾ அங்குலக் கட்டையின் மேல் நிற்கும்.

5. இரண்டாவது நெடும்பக்கச் சுவர்: நீளம் 36 அங்குலம், உயரம் 12 அங்குலம். இது 3 அங்குலக் கட்டையின் மேல் நிற்கும். சுவரும் கட்டையும் சேர்ந்து எப்பக்கமும் 15 அங்குலமே ஆவதால் மேல்மட்டம் ஒன்றாக அமையும்.

6. மூடி: 36 அங்குலம் நீளம், 24 அங்குலம் அகலம். நடுவில் 10 அங்குலச் சதுரத்தில் ஒரு சிறு கதவு இருக்க வேண்டும். கோழிகளை விடுவதும் எடுப்பதும் இக்கதவு வழியாகவே. முழு மூடியையும் திறந்தால் ஒன்றைப் பிடிக்கும்போது மற்றவை பறந்துவிடும்.

7. மூலைக்கம்பிகள் நான்கு: கால் அங்குலக் கனமுள்ள இரும்புக் கம்பியை மேல்நுனியில் வளைத்துக்கொள்ள வேண்டும். மூடி, நெடும்பக்கச் சுவர், குறும்பக்கச் சுவர், தளம் ஆகிய நான்கிலும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வளையம் இருக்கும். பட்டை இரும்பை வளைத்து, இந்நான்கு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் வருமாறு கருமான் தைத்துக்கொடுக்க வேண்டும். கம்பியை மேலிருந்து இறக்கினால் மூலை முழுவதும் ஒரே பிடியில் இறுகும். வண்டி குலுங்கும்போது கம்பி எழும்பிவிடாதிருக்க, அதன் கீழ்நுனித் துளையில் ஒரு சிறு கம்பியை முறுக்கிவிட வேண்டும். கம்பிகள் தொலையாதபடி ஒவ்வொன்றையும் கயிற்றால் தளத்துடன் கட்டிவைப்பது உத்தமம்.

சுவர்களுக்கும் மூடிக்கும் முக்கால் அங்குலக் கனமுள்ள மரச்சட்டமும், அதன்மேல் கால் அங்குலக் கனமுள்ள மூங்கில் பட்டைகளும் போதும். முற்றிய மூங்கிலைப் பிளந்து, சில வாரம் நீரில் ஊறவைத்து உலர்த்தினால், அதிலுள்ள மாவுச்சத்து கரைந்து வண்டு துளைப்பது குறையும். பட்டைகளுக்கிடையே ஓர் அங்குல இடைவெளிக்கு மேல் விடலாகாது. அதிகமாக விட்டால் கோழி தலையை வெளியே நீட்டும். அடுத்த கூண்டை நகர்த்தும்போது கழுத்து நசுங்கும். குறும்பக்கச் சுவர்களின் அடியில் மூன்று அங்குல உயரத்திற்கு அடைப்பாகப் பலகை வைத்தால் கால்கள் வெளியே வாரா. பட்டைகளின் கூரிய முனைகளும் ஆணி நுனிகளும் உட்புறம் துருத்தாமல் மழுக்கிவிட வேண்டும்.

இரும்புக் கீல்கள் எச்சத்தின் ஈரத்தால் துருப்பிடித்து இறுகிவிடும். துத்தநாகம் பூசிய கீல் கிடைக்காத இடத்தில், பழைய டயரின் நூல்துணி பதிந்த ரப்பரை மூன்று அங்குல அகலத்தில் வெட்டி, கீலுக்குப் பதிலாகத் திருகாணியால் தைக்கலாம். மூலைகளில் சுமையைக் கம்பிகளும் சட்டமும் தாங்குவதால், கீலின் வேலை சுவரைத் தளத்திலிருந்து பிரியாமல் வைத்திருப்பது மாத்திரமே.

நிறுத்தும் முறையும் மடக்கும் முறையும்

மடக்கும்போது முதலில் கூண்டிலுள்ள உமியையும் எச்சத்தையும் முழுவதும் கொட்டிவிட வேண்டும். பிறகு நான்கு கம்பிகளையும் உருவி, மூடியை எடுத்து, குறும்பக்கச் சுவர்கள் இரண்டையும் உள்ளே படுக்கவைக்க வேண்டும். அவற்றின் மேல் முதல் நெடும்பக்கச் சுவரும், அதன் மேல் இரண்டாவது நெடும்பக்கச் சுவரும் படுக்கும். கடைசியில் மூடியை வைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். நிறுத்தும்போது இம்முறை தலைகீழாகும். வரிசை மாறினால் சுவர்கள் ஒன்றையொன்று தடுக்கும். பலவந்தமாக அமுக்கினால் கீல் பிய்யும். ஆகையால் சுவர்களின் வெளிப்புறத்தில் 1, 2, 3 என்று எண்களைத் தீட்டி வைப்பது நல்லது. கூண்டினுள் பிராணி இருக்கும்போது எந்தக் காரணத்தாலும் மூலைக்கம்பியை உருவலாகாது.

நின்ற நிலையில் கூண்டின் மொத்த உயரம் 18 அங்குலம். மடக்கிய நிலையில் 7 அங்குலம். எனவே 6 அடி உயரம் உள்ள ஒரு வண்டித் தட்டில், நின்ற கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடங்கும் இடத்தில், மடக்கியவை பத்து அடங்கும். போகும்போது தட்டை முழுவதும் அடைத்துச் சென்ற கூண்டுகள், திரும்பும்போது பாதிக்கு மேற்பட்ட இடத்தைச் சரக்குக்கு விட்டுவிடுகின்றன.

எத்தனை பிராணிகளை ஏற்றலாம்?

சுவர்களின் கனம் போகக் கூண்டின் உள்தளம் 34 அங்குலம் நீளமும் 22 அங்குலம் அகலமும், அதாவது 748 சதுர அங்குலமும் உடையது. நாட்டுக்கோழி பத்து விட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ 75 சதுர அங்குலம் கிடைக்கும். இதுவே உச்ச அளவு. சித்திரை, வைகாசி வெயிலிலும், பருத்த சேவல்களுக்கும் எட்டுக்கு மேல் விடலாகாது. சண்டையிடும் சேவல்களை ஒரே கூண்டில் சேர்ப்பது கூடாது. இன்னும் இரண்டு அடங்கும் என்று கை சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்வதுதான் கூண்டு வைத்திருப்பதன் பொருள். ஒரு நாள் வயதுக் குஞ்சுகளுக்கு இக்கூண்டு ஏற்றதன்று; அவற்றுக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டிகளே வேண்டும்.

ஆட்டுக்குட்டிகளுக்கு 15 அங்குல உயரம் போதாது. நிற்க முடியாமல் மண்டியிட்டே போகும் குட்டி சந்தையில் நொண்டும். இதற்காக, 10 அங்குல உயரமுள்ள நான்கு தனிச்சுவர்களை மேற்கட்டாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கும் மூலைகளில் அதே நேர்கோட்டில் வளையங்கள் இருக்க வேண்டும். சிறிய கம்பிகளுக்குப் பதிலாக 10 அங்குலம் நீண்ட கம்பிகளை இறக்கினால் மேற்கட்டும் கீழ்ச்சுவரும் ஒன்றாகப் பிணைந்து, உள்ளுயரம் 25 அங்குலம் ஆகும். இதில் இரண்டு மூன்று மாத வயதுள்ள குட்டிகள் மூன்று நிற்கவும் படுக்கவும் இடமுண்டு. மேற்கட்டு வைத்த கூண்டின்மேல் வேறு கூண்டை அடுக்கலாகாது. வளர்ந்த ஆடுகளைக் கூண்டில் அடைப்பதும், கோழியையும் குட்டியையும் சேர்த்து விடுவதும் தகாது.

பிரயாணத்தின்போது கவனிக்க வேண்டியவை

கூண்டைப் புதிதாகச் செய்தவர் அதில் உடனே கோழியை ஏற்றாமல், மணல் மூட்டையை வைத்துச் சோதிக்க வேண்டும். பத்துக் கோழியின் எடைக்கு ஈடாக 20 கிலோ மணலை உள்ளே வைத்து, இருவர் தூக்கிக் குலுக்கிப் பார்க்கலாம். பிறகு, மேலே அடுக்கும் மூன்று கூண்டுகளின் பாரத்திற்கு ஈடாக 100 கிலோ வரை மூடியின் சட்டத்தின் மேல் ஏற்றிச் சில மணி நேரம் விட்டுவைத்து, மூலைகள் விலகுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பிரயாணம் விடியற்காலையில் முடியும்படி புறப்படுவது உத்தமம். புறப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன் இலேசான தீனி கொடுத்து, புறப்படும் வரையில் தண்ணீர் வைக்க வேண்டும். தளத்தின்மேல் உமி அல்லது கடலைப்பொட்டு இரண்டு அங்குலம் பரப்பினால் கால் வழுக்காது. தார்ப்பாயைக் கூண்டின்மேல் இறுகப் போர்த்துவது பெரும் பிழை. அது வெயிலைத் தடுப்பதைவிடக் காற்றை அதிகமாகத் தடுக்கும். நிழல் வேண்டின் கூண்டுக்கு மேல் ஓரடி இடம் விட்டுக் கட்ட வேண்டும். ஓடும் வண்டியில் கிடைக்கும் காற்று நிற்கும் வண்டியில் இல்லை. ஆகையால் வழியில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தப்போகும் கால்மணி நேரமே பிரயாணம் முழுவதிலும் அபாயமான வேளை.

கூண்டைச் சுத்தம் செய்தல்

ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோய், நோய்ப்பட்ட கோழியால் மட்டுமன்றி, அதன் எச்சம் பட்ட கூடை, கூண்டு, செருப்பு முதலியவற்றாலும் பரவுகின்றது. சந்தைக்குப் போய் வந்த கூண்டு கழுவப்படாமல் கொட்டிலுக்குள் நுழைந்தால், மிஞ்சிய கோழிகளையும் அது கொண்டுபோய்விடும். மடக்குக் கூண்டில் இதற்கு ஒரு சௌகரியம் உண்டு. கம்பிகளை உருவிவிட்டால் சுவர்கள் தனித்தனியே நிமிர்ந்து கொடுப்பதால் மூலை முடுக்குகளையும் தேய்த்துக் கழுவலாம்.

முதலில் எச்சத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு 10 லிட்டர் வெந்நீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்த்துக் கழுவி, அதன்பின் தெளிந்த நீரால் அலசி, முழுநாள் வெயிலில் உலர்த்த வேண்டும். எச்சம் ஒட்டியிருக்கும்போதே பிளீச்சிங் பவுடரைத் தூவுவதால் பயனில்லை; அழுக்கில் அதன் வீரியம் குன்றிவிடும். கீல் இடுக்குகளைத் தென்னை ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்து, உலர்ந்தபின் சிறிது எண்ணெய் விட வேண்டும். கழுவும் இடம் கொட்டிலுக்குத் தூரமாக இருத்தல் அவசியம். விலை போகாமல் திரும்பிய கோழிகளை மற்றவற்றுடன் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்ட கோழிகளையும் இவ்வாறே நடத்துவது நலம்.

செலவும் லாபமும்

கூண்டின் விலை ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகையால் கணக்கைப் பணத்தில் போடாமல் கோழியில் போட்டுப் பார்ப்பது எளிது. தச்சர் கேட்கும் தொகை எத்தனை கோழியின் விலைக்குச் சமம் என்று முதலில் கணக்கிட வேண்டும். பிறகு, கடந்த மூன்று மாதத்தில் வழியில் செத்தவை எத்தனை, கால் முறிந்து அரை விலைக்குப் போனவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, கூண்டு ஆறு கோழியின் விலைக்குச் சமம் என்றும், மாதத்திற்கு ஒரு கோழி சாவதும் இரண்டு கோழி அரை விலைக்குப் போவதும் உண்டென்றும் வைத்துக்கொண்டால், மாத நஷ்டம் இரண்டு கோழி. கூண்டு அந்நஷ்டத்தை முழுவதும் தடுக்காமல் பாதியைத் தடுத்தாலும், ஆறு மாதத்தில் தன் விலையைக் கொடுத்துவிடும். மாதம் ஒரு முறை மாத்திரம் நாலைந்து கோழி விற்பவருக்கு இக்கணக்கு ஒத்துவராது. அத்தகையோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஒரு கூண்டைப் பொதுவில் வைத்துக்கொண்டு, உபயோகித்தவரே கழுவிக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

வாரச்சந்தைகளை நடத்தும் ஊராட்சிகள் தங்கள் சந்தைத் திடலில் கோழிக் கூண்டுகளை இறக்க ஒரு நிழற்பந்தலும், தண்ணீர்த் தொட்டியும், கூண்டு கழுவச் சாய்வான தளம் ஒன்றும் அமைத்துக் கொடுப்பார்களாயின் அது பெரிய உபகாரம். கூண்டு ஒன்றைச் செய்து சந்தையில் எல்லோரும் காணும்படி வைத்தால், படித்துத் தெரிந்துகொள்ளாதவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். தலைகீழாகத் தொங்கி வந்த கோழியையும் கூண்டில் நின்று வந்த கோழியையும் ஒரே சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை கேட்கச் செய்வதைவிடச் சிறந்த பிரசாரம் வேறில்லை. வளர்ப்பதில் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கைக் கொண்டுசேர்ப்பதிலும் காட்டினால், அந்த வளர்ப்பின் பலன் முழுவதும் குடியானவர் கைக்கே வந்து சேரும்.